விலாங்கு யார்?

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டிப் பிழைப்பது விலாங்கு என்பது நம் நாட்டுப் பழமொழி. கொள்கையற்றவனை, காலையிலே ஓர் அணி மாலையிலே ஓர் அணி என்று தாவுபவனை, மேடையிலே நின்று "விலாங்கு!" என்று ஏசுகிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. ஏசியவன் வீடு திரும்பிவிடுகிறான். ஏச்சுக்கு ஆளானவனும் அடுத்த தேர்தலுக்குத் தயாராகிவிடுகிறான். ஆனால் உவமைக்கு இரவல் தந்த விலாங்கின் கதையை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். "விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, இவர் மீனைப் பற்றி எழுத வந்துவிட்டாரே!" என்று படிப்பகத்துத் திண்ணையிலே ஒரு நண்பர் முணுமுணுப்பது காதிலே விழுகிறது. பொறுங்கள் நண்பரே! இது மீன் கதைதான். ஆனால் இந்தக் கதைக்குள்ளே அணை கட்டியவன் இருக்கிறான், கள்ளத்தனமாய்க் கடத்தியவன் இருக்கிறான், கோப்பு பார்க்கும் அரசு இருக்கிறது, குளிரிலே விறைத்த விரல்களால் தூண்டில் கட்டும் தொழிலாளி இருக்கிறான். இத்தனை பேர் இருக்கும் இடத்திலே நமக்குப் பேச்சு இல்லையா?

கதை நடக்கும் இடம் ஐரோப்பா. அங்கே ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்வது ஐரோப்பிய விலாங்கு. அது பிறப்பது ஆற்றிலே அல்ல. அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்குப் புறத்திலே, சர்காசோ கடல் என்று பெயர் கொண்ட பகுதியிலே பிறக்கிறது. இலை போலத் தட்டையாய், நூல் போல மெலிந்து, கடலின் ஓட்டத்திலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து கிழக்கே வருகிறது. கரையை அணுகும்போது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் குஞ்சாக மாறுகிறது. கண்ணாடிக் குஞ்சு என்பதே அதற்குப் பெயர். அந்தக் குஞ்சு ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்து, நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, குளத்திலும் குட்டையிலும் ஏரியிலும் பத்து ஆண்டு, இருபது ஆண்டு தங்கி வளர்கிறது. பிறகு ஒரு நாள் அதன் மேனி வெள்ளி நிறம் கொள்கிறது, கண் பெரிதாகிறது, உண்பதை நிறுத்துகிறது. கடலை நோக்கிப் புறப்பட்டு, 5,000 கிலோமீட்டருக்கு மேல் பட்டினிப் பயணம் செய்து, பிறந்த கடலுக்கே போய், முட்டையிட்டு மடிகிறது. வாழ்நாளிலே ஒரே ஒரு முறைதான் இனப்பெருக்கம்.

பழங்காலத்து அறிஞர் அரிஸ்டாட்டில், விலாங்கு சேற்றிலிருந்தே தோன்றுகிறது என்று எண்ணினார். மனத்தின் இரகசியத்தை ஆராய்ந்து பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஃப்ராய்டு, மாணவராயிருந்தபோது 1876-ல் நூற்றுக்கணக்கான விலாங்குகளை அறுத்து அவற்றின் ஆண் உறுப்பைத் தேடி அலுத்துப்போனார். டென்மார்க்கு நாட்டு யோகன்னஸ் ஷ்மிட் 1904-லிருந்து கடலிலே வலை வீசித் தேடி, சிறிய குஞ்சு, அதனினும் சிறிய குஞ்சு என்று பின்தொடர்ந்து போய், 1920-களிலே சர்காசோவைச் சுட்டிக் காட்டினார். வளர்ந்த விலாங்குகள் அங்கே போய்ச் சேர்வதை, உடலிலே கருவி கட்டிவிட்டு மெய்ப்பித்தது 2022-ல்தான். ஆனாலும் அது முட்டையிடுவதை இன்றுவரை எவரும் கண்ணால் கண்டதில்லை! இவ்வளவு மறைவாய் வாழத் தெரிந்த உயிர்க்கு, மனிதன் கையிலிருந்து தப்பத் தெரியவில்லை.

கணக்கைக் கேளுங்கள். 1960-லிருந்து 1979 வரையிலான காலத்தில் ஆண்டுதோறும் கரைக்கு வந்த கண்ணாடிக் குஞ்சின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டால், வடகடல் பகுதிக்கு இப்போது வருவது 1-ஐ ஒட்டியே நிற்கிறது. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளிலும் ஏறத்தாழ 10-க்குள்ளேதான். 1980-ஐ ஒட்டித் தொடங்கிய வீழ்ச்சி 2011-க்குப் பிறகு நின்றிருக்கிறது. ஆனால் விழுந்தது எழவில்லை. நூறு பேர் வேலை செய்த ஆலையிலே ஒருவன் மட்டும் எஞ்சி நின்றால் அதை ஆலை என்போமா? உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் 2008-ல் இந்த மீனை அழிவின் விளிம்பிலே நிற்கும் உயிர்களின் பட்டியலிலே சேர்த்தார்கள்.

யார் செய்த வேலை இது?

"மீனவன்தான்! பிடித்துப் பிடித்தே ஒழித்துவிட்டான்!" என்று பளிச்சென்று பதில் வருகிறது. எளிய பதில், ஏழையின் தலையிலே ஏற்றிவிடக்கூடிய பதில். அதிலே உண்மை இல்லையா? இருக்கிறது. அளவுக்கு மீறிப் பிடித்தார்கள் என்பது மெய். குஞ்சையும் பிடித்தார்கள், வளர்ந்ததையும் பிடித்தார்கள், கடலுக்குப் போகும் தாயையும் மறித்துப் பிடித்தார்கள். மறைக்க வேண்டியதில்லை. நம் தரப்பின் குற்றத்தை மறைத்துக்கொண்டு எதிர்த்தரப்பின் குற்றத்தை மட்டும் பேசினால், நாமும் வால் காட்டுபவர்களாகிவிடுவோம்.

ஆனால் முழு உண்மை அதுதானா? ஐரோப்பாவின் ஆறுகளிலே அணை, தடுப்பு, கலிங்கு, மதகு என்று குறைந்தது 12 இலட்சம் தடைகள் இருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு எண்ணிச் சொன்னது. ஏறி வரும் குஞ்சுக்கு அது மதில். இறங்கிப் போகும் தாய்க்கோ, அணையின் அடியிலே சுழலும் டர்பைன், வெட்டுக்கத்தி! நீளமான உடல் அல்லவா? மற்ற மீன் தப்பும் இடைவெளியிலே விலாங்கு துண்டாகிறது. சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கினார்கள். மீன் வாழ்ந்த வீடு போயிற்று. ஆலைக் கழிவு ஆற்றிலே கலந்தது. கொழுப்பு நிறைந்த விலாங்கின் உடலிலே அந்த நஞ்சு தங்கியது. கிழக்காசியாவிலிருந்து உயிருள்ள விலாங்கை வணிகத்துக்காகக் கொண்டு வந்தபோது, ஓர் ஒட்டுண்ணிப் புழுவும் உடன் வந்து, 1980-களிலே ஐரோப்பிய விலாங்கின் காற்றுப்பையிலே குடியேறியது. காற்றுப்பை கெட்ட மீன் எப்படிப் பெருங்கடலைக் கடக்கும்? கடலின் ஓட்டமே மாறிவருகிறது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

ஆக, குற்றவாளிக் கூண்டிலே ஏற வேண்டியவர்கள் பலர். ஏற்றப்பட்டவன் யார்? படகுக்காரன்! ஏன்? அணையை நிறுத்தினால் முதலாளிக்கு நட்டம், அமைச்சருக்குத் தலைவலி. வலையை நிறுத்தினால், வலைக்காரனுக்கு மட்டுந்தான் நட்டம். அவனுக்குப் பத்திரிகை இல்லை, பாராளுமன்றத்திலே பேச ஆளும் இல்லை.

* * *

இனி ஓர் ஏரிக்குப் போவோம். வட அயர்லாந்திலே லாக் நே என்ற ஏரி. ஏறத்தாழ 390 சதுரக் கிலோமீட்டர் பரப்பு. பிரிட்டன், அயர்லாந்து தீவுகள் இரண்டிலும் அதைவிடப் பெரிய ஏரி கிடையாது. பல ஆறுகள் வந்து விழுகின்றன; பான் என்ற ஓர் ஆறு மட்டும் கடலுக்குப் போகிறது. அந்த வழியாக ஏறி வரும் விலாங்கைத்தான் ஏரிக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வந்தார்கள். சிறு படகிலே போய், ஆயிரங்கால் தூண்டிலிலே புழுவைக் கோத்து இறக்கி, விடியலில் இழுத்தார்கள்.

ஆனால் ஏரி யாருடையது? மீனவனுடையதா? இல்லை! பழைய அரச பட்டயத்தின் பேரால் ஏரியின் அடிநிலம் ஒரு பிரபுக் குடும்பத்தின் சொத்து. விலாங்கு பிடிக்கும் உரிமை மீன் வணிகர் நிறுவனம் ஒன்றின் கையிலே. நீரிலே இறங்கி நனைபவன் ஒருவன். நிலத்திலே நின்று விலை வைப்பவன் இன்னொருவன். அனுமதியில்லாமல் பிடித்தால் திருட்டு, அனுமதியோடு பிடித்தால் நிறுவனம் சொன்னதே விலை. 1960-களிலே வழக்கு நீதிமன்றம் போயிற்று. தீர்ப்பு? சொல்ல வேண்டுமா? பட்டயம் பெரியதா, பசி பெரியதா என்ற வழக்கிலே பட்டயம் வென்றது.

மீனவர்கள் மண்டியிடவில்லை. சங்கம் கட்டினார்கள். ஆலிவர் கென்னடி என்ற பாதிரியார் அவர்களுக்குத் துணை நின்றார். 1965-ல் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, நிறுவனத்தின் பங்கிலே நூற்றுக்கு 20-ஐ வாங்கினார்கள். எதிராளியின் வீட்டுக்குள்ளே முதல் அடி! 1971-ஐ ஒட்டி மிச்சப் பங்குகளும் அவர்கள் கைக்கு வந்தன. கூலிக்காரன் சொந்தக்காரன் ஆனான். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய இயற்கை விலாங்கு மீன்பிடி, உழைப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று.

இதிலே நமக்குப் பாடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம் வெற்றியோடு முடியவில்லை. உரிமை கைக்கு வந்ததும் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? தம் கைகளுக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டார்கள்! ஒரு படகு ஒரு நாளில் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைத்தார்கள். சிறு மீன் சிக்கினால் திரும்ப ஏரியிலே விட்டார்கள். வெள்ளி விலாங்கு கடலுக்குப் போகும் வழியிலே வலைகளுக்கு நடுவே ஒரு திறப்பை மூடாமல் விட்டார்கள். 1980-களிலே பான் ஆற்றில் ஏறி வரும் குஞ்சு சட்டென்று குறைந்தபோது, சங்கத்துப் பணத்திலே இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றிலிருந்து கோடிக்கணக்கில் குஞ்சு வாங்கி ஏரியிலே விட்டார்கள். தடுப்பின் அடியிலே தத்தளிக்கும் குஞ்சைப் பிடித்து வண்டியிலே ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதலாளி இருந்தபோது பிடித்ததெல்லாம் வரவு. தொழிலாளி சொந்தக்காரன் ஆனபின் விட்டதும் வரவு என்று கணக்கெழுதக் கற்றுக்கொண்டான். பேரனுக்கு மீன் வேண்டுமே!

பிறகு வந்தது வேறு வகைத் துன்பம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும், 2021-லிருந்து செவர்ன் குஞ்சு ஏரிக்கு வரும் வழி அடைபட்டது. விலாங்குக்கு எல்லை தெரியாது. எல்லைக்கு விலாங்கு தெரியாது. 2023 கோடையில் ஏரி முழுதும் நீலப்பச்சைப் பாசி படர்ந்து நாறியது. வயல்களிலே கொட்டிய உரமும், சரியாய்த் துப்புரவு செய்யாத சாக்கடை நீரும், வெப்பமும் சேர்ந்து செய்த வேலை. வட அயர்லாந்து மக்களுக்குக் குடிநீரில் பெரும்பங்கு தரும் ஏரி அது! 2025-ல், பிடிபட்ட விலாங்கிலே போதிய கொழுப்பு இல்லை, தரம் இல்லை என்று மீன்பிடியே நிறுத்தப்பட்டது. அளவாய்ப் பிடித்தவன், குஞ்சு வாங்கி விட்டவன், வலையைச் சுருட்டிக்கொண்டு கரையிலே உட்கார்ந்தான். சாக்கடையை விட்டவன் வீட்டிலே அடுப்பு அணையவில்லை.

* * *

அரசுகள் சும்மா இருந்தனவா என்று கேட்பீர்கள். இல்லை, சட்டம் செய்தார்கள். 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் விலாங்குக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. மனிதனின் கை படாதிருந்தால் எவ்வளவு வெள்ளி விலாங்கு கடலுக்குப் போயிருக்குமோ, அதிலே நூற்றுக்கு 40 எடையாவது போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு நாடும் அதற்குத் திட்டம் தீட்ட வேண்டும். பிடிக்கும் சிறு குஞ்சிலே நூற்றுக்கு 60, ஆறு ஏரிகளிலே திரும்ப விடுவதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். நல்ல சட்டம். 2010-லிருந்து ஒன்றியத்துக்கு வெளியே விலாங்கு ஏற்றுமதியும் நின்றது.

ஆனால் என்ன ஆயிற்று? கடலாய்வுக்கான பன்னாட்டு மன்றத்து அறிஞர்கள் 2021-லிருந்து ஆண்டுதோறும் சொல்கிறார்கள்: எங்கும், எவரும், எந்தப் பருவத்து விலாங்கையும் பிடிக்க வேண்டாம், திரும்ப விடுவதற்காகக் குஞ்சு பிடிப்பதும் வேண்டாம். அமைச்சர்கள் என்ன செய்தார்கள்? கடல்நீரிலும் முகத்துவாரத்திலும் ஆண்டுக்கு மூன்று மாதத் தடையை 2023-ல் ஆறு மாதமாக்கினார்கள். அறிஞனுக்கு ஆறு மாதம் தலை, வணிகனுக்கு ஆறு மாதம் வால்! இப்போது சொல்லுங்கள் தோழர்களே, விலாங்கு யார்?

கடத்தல்காரன் கதையையும் கேளுங்கள். பண்ணையிலே விலாங்கு வளர்க்கிறார்களே, அது பண்ணையிலே பிறந்ததா? அல்ல. முட்டையிலிருந்து வளர்த்து மலிவாய் விற்கும் வித்தை இன்னும் எவர் கைக்கும் வரவில்லை. ஜப்பானிலே 2010-ல் ஆய்வுக்கூடத்தில் முழுச் சுற்றையும் முடித்துக் காட்டினார்கள். சந்தைக்குப் போதும்படி இன்னும் ஆகவில்லை. ஆகவே உலகத்து விலாங்குப் பண்ணைகளெல்லாம் கடலிலிருந்து வரும் குஞ்சையே நம்பி நிற்கின்றன. ஒரு கிலோவிலே 3,000 குஞ்சுக்கு மேல்! கிழக்காசியப் பண்ணைக்கு அது போய்ச் சேர்ந்தால் பொன். பெட்டியிலே நீரும் காற்றும் நிரப்பி, துணிமணிக்கு நடுவே வைத்து, வானூர்தியிலே கடத்தினார்கள். ஆண்டுக்கு 100 டன் வரை போகிறது என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் கணித்ததுண்டு. அது 30 கோடி உயிர்!

2017-ல் லண்டன் ஹீத்ரோ வானூர்தி நிலையத்திலே, குளிரூட்டிய மீனுக்கு அடியிலே மறைத்து வைத்த 200 கிலோ கண்ணாடிக் குஞ்சு பிடிபட்டது. வழக்கு நடந்தது. பல கோடிப் பவுன் பெறுமானக் கடத்தல் என்று குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. 2020-ல் தீர்ப்பு: இரண்டு ஆண்டுச் சிறை, ஆனால் நிறுத்தி வைக்கப்பட்டது! அதாவது, வீட்டுக்குப் போகலாம். இப்படியும் ஒரு நீதி!

உணவின் கதையும் அப்படித்தான். லண்டனின் கிழக்குப் பகுதியிலே, துறைமுகத்துச் சுமைகாரனும் ஆலைக்காரனும் காலணாவுக்கு வாங்கித் தின்ற பண்டம் விலாங்கு. ஸ்பெயின் நாட்டிலே கண்ணாடிக் குஞ்சு ஒரு காலத்தில் ஏழையின் கஞ்சி. மிஞ்சினால் பன்றிக்கும் போடுவார்கள். இன்றோ பருவத்தின் முதல் பிடிப்பை ஏலத்திலே கிலோ ஆயிரக்கணக்கான யூரோ கொடுத்து எடுக்கிறார்கள். ஏழைக்கு, மீன்மாவிலே அச்செடுத்த போலிக் குஞ்சு கடையிலே விற்கிறது. ஏழையின் தட்டிலே இருந்தது சீமான் தட்டுக்கு ஏறிய பிறகுதான், அது அழிகிறதே என்ற கவலையும் சீமானுக்குப் பிறக்கிறது!

* * *

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? "மீனவனை விடு, பிடிக்கட்டும்" என்பதா நம் முடிவு? இல்லை. மீன் இல்லாத ஏரியிலே மீனவனுக்கு உரிமை இருந்தென்ன, உறுதிப்பத்திரம் இருந்தென்ன? நிறுத்தத்தான் வேண்டும்; அறிஞர் சொல்லைக் கேட்கத்தான் வேண்டும். கேள்வி ஒன்றுதான். நிறுத்துவதன் சுமை யார் தோளிலே?

அயர்லாந்துக் குடியரசைப் பாருங்கள். 2009-ல் விலாங்கு பிடிப்பதை ஒரேயடியாக மூடினார்கள். துணிவான செயல். ஆனால் அன்று மீனவன் கையிலே இழப்பீடு என்று எதையும் வைக்கவில்லை. தந்தையும் பாட்டனும் செய்த தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. ஆனால் அதே நாட்டிலே இன்னொன்றும் நடந்தது. ஷானன் ஆற்றின் குறுக்கே 1920-களிலே கட்டிய நீர்மின் நிலையம் கடலுக்குப் போகும் விலாங்கை மறிக்கிறது அல்லவா? அணைக்கு மேலே வெள்ளி விலாங்கைப் பிடித்து, வண்டியிலே ஏற்றி, அணைக்குக் கீழே கொண்டுபோய் விடும் வேலையை மின்சார வாரியம் ஏற்றது. பிடிப்பவர் யார்? அந்த மீனவர்களிலே சிலர்! அதே வலை, அதே படகு, அதே கை. விற்பதற்குப் பிடித்த கை, விடுவதற்குப் பிடிக்கிறது. கூலி தருவது அணைக்காரன். இதுதான் நியாயத்தின் வழி. எவன் ஆற்றை மறித்தானோ, அவன் பணம் தரட்டும். எவன் ஆற்றை அறிந்தானோ, அவன் வேலை செய்யட்டும்.

ஆனால் இதுவும் தற்காலிக மருந்துதான். பயனற்ற அணையை இடிக்க வேண்டும். பிரான்சிலே செலூன் ஆற்றில் இரண்டு பெரிய அணைகளை 2019-க்கும் 2023-க்கும் இடையே இடித்து ஆற்றைத் திறந்துவிட்டார்கள். இடிக்க முடியாத அணையிலே, ஏறும் குஞ்சுக்குத் தூரிகை போன்ற ஏணி வைக்கலாம். அது வழுக்கும் சுவரிலும் பிடித்து ஏறும் உயிர்; கொஞ்சம் பற்றுக்கோடு கிடைத்தால் போதும். இறங்கும் பருவத்து இரவுகளிலே டர்பைனை நிறுத்தலாம், முன்னே நெருக்கமான கம்பித் தட்டி வைக்கலாம். ஆலைக் கழிவையும் சாக்கடையையும் தடுக்கலாம். கடத்தல்காரனை உண்மையாகவே சிறைக்கு அனுப்பலாம்.

குஞ்சைப் பிடித்து வேறு ஆற்றிலே விடுகிறார்களே, அது போதாதா என்பவர்களுக்கும் ஒரு சொல். ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு ஊற்றினால் நீர் பெருகாது. இடம் மாற்றிய குஞ்சு வளர்ந்து, சர்காசோ வரை போய்ச் சேர்ந்து, மொத்தத்திலே இனம் பெருகியது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை என்கிறார்கள் அறிஞர்கள். ஏரிக்கு அது வாழ்வு தந்தது மெய். இனத்துக்குத் தந்ததா என்பது வேறு கேள்வி. நமக்கு வேண்டியவர் செய்தது என்பதற்காக அந்தக் கேள்வியை நாம் விழுங்கிவிடக் கூடாது.

இன்று நிறுத்தினாலும் நாளையே மீன் பெருகாது தோழர்களே! இன்று தப்பிய குஞ்சு தாயாகிக் கடலுக்குப் போகப் பத்து, இருபது ஆண்டு. அதன் குஞ்சு கரைக்கு வர மேலும் ஓரிரண்டு ஆண்டு. அடுத்த தேர்தலை நினைக்கும் அமைச்சருக்கு இந்தக் கணக்கு கசக்கும். பேரனை நினைக்கும் தொழிலாளிக்குப் புரியும். லாக் நே மீனவர்களுக்கு அது புரிந்தது. அதனால்தான் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டார்கள்.

நம் ஆறுகளிலும் விலாங்கு உண்டு. அதுவும் கடலிலே பிறந்து, ஆற்றிலே வளர்ந்து, கடலுக்கே திரும்புவதுதான். அதற்கும் வழி விடும் அணை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நாள் வரும்.

அதுவரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை மேடையிலே எவனையாவது விலாங்கு என்று ஏச வாயெடுக்கும்போது, சற்று நில்லுங்கள். அந்த மீன் பாம்புக்கும் தலை காட்டியதில்லை, மீனுக்கும் வால் காட்டியதில்லை. அது தன் வாழ்நாளிலே காட்டியது ஒரே திசை. பட்டினியாய், இருளிலே, பெருங்கடலைக் கடந்து, பிறந்த இடத்தை நோக்கிப் போகிறது. இடையிலே நிற்பது அணை. அதைத் திறக்க வேண்டியது நாம்.